ஆறரை மணி நேரத்தில் நியூயார்க்கா?

எங்கள் புளோக்கில் நான்காவது மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், போன மாதம் ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே காப்பிக் கடைக்கு வந்தார். மகள் நியூயார்க்கில் இருக்கிறாள், அவளுக்குப் பிரசவ நேரம். மருமகன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். அக்கா அதை அச்செடுத்து, சந்தேகம் வந்த இடங்களிலெல்லாம் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, வியாழக்கிழமை நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஏறினா, அதே வியாழக்கிழமை காலையில ஆறரைக்கு இறங்கலாம்னு போட்டிருக்கு. ஆறரை மணி நேரம்தானா? திருச்சிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுதே!"

திரும்பி வரும் டிக்கெட் இன்னும் குழப்பம். வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு அங்கே கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து பத்துக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். "சனிக்கிழமை முழுசும் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே குழப்பம் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு எண் வருகிறது. டிக்கெட்டில் வேறொரு எண். ஏறி உட்கார்ந்த பிறகு விமானி அறிவிப்பது மூன்றாவது எண். மூன்றும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதியைச் சொல்கிறது. அதைத்தான் அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன். அங்கே சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறரை மணி. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கிளம்பும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம், இறங்கும் நேரம் நியூயார்க் கடிகாரம். கோடைக் காலத்தில் நியூயார்க் நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு அன்று பின்னே இழுப்பார்கள். நாம் நம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் குளிர்காலத்தில் இடைவெளி 13 மணி நேரமாகிவிடும். அக்கா போவது கோடையில். ஆறரையோடு பன்னிரண்டைக் கூட்டினால் பதினெட்டரை மணி நேரம். அவர் உண்மையில் இருக்கையில் கழிக்கப்போவது அவ்வளவு நேரம்தான்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நேர வித்தியாசம் எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போகும்போது டிக்கெட்டில் தெரியும் நேரத்தையும் வரும்போது தெரியும் நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அக்காவின் டிக்கெட்டில் போக 6 மணி 30 நிமிடம், வர 30 மணி 40 நிமிடம். கூட்டினால் 37 மணி 10 நிமிடம், அதில் பாதி 18 மணி 35 நிமிடம். ஒரு வழிப் பயணத்தின் சராசரி நேரம் அதுதான். போகும்போது கழிந்த நேர வித்தியாசம் வரும்போது கூடிக்கொள்வதால், இரண்டும் தாமாகவே அடிபட்டுப் போகின்றன.

சென்னைக்கும் இதே கணக்குதான். இரவு எட்டு மணிக்குச் சாங்கியில் கிளம்பினால் ஒன்பதே முக்காலுக்கு மீனம்பாக்கம். திரும்பும்போது இரவு பதினொன்றே காலுக்கு ஏறினால் காலை ஆறு மணிக்குச் சாங்கி. போக ஒன்றே முக்கால், வர ஆறே முக்கால், கூட்டிப் பாதியாக்கினால் நாலே கால். இந்தியாவுக்கும் நமக்கும் இடையே இரண்டரை மணி நேரம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1981 முடியும் வரை அது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. மலேசியா தன் நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் சேர்ந்தே மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டின் டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதும் கடிகாரம் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவியது. சூரியனை வைத்துப் பார்த்தால் நாம் இருக்க வேண்டியது இன்னும் ஒரு மணி நேரம் பின்னால். இங்கே உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வராமல் ஒரு மணியை ஒட்டி வருவதும், காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் அரையிருட்டில் பள்ளிக்கூடம் போவதும் அதனால்தான்.

சரி, கடிகாரக் கணக்கு முடிந்தது. இனி தூரம்.

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கிலோமீட்டர். உலகத்தில் இன்று ஓடும் பயணிகள் விமானச் சேவைகளில் இதைவிட நீண்ட தூரம் எங்கும் நிற்காமல் போவது வேறில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை 2020 நவம்பரில் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் நெவார்க் விமான நிலையத்துக்கு 2018 அக்டோபரிலிருந்தே பறக்கிறது. அதன் தூரமும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்த 15,350 எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்தால், அமெரிக்கா போக ஒன்று கிழக்கே பசிபிக்கைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே ஐரோப்பா வழியாகப் போக வேண்டும் என்று தோன்றும். உருண்டையான பூகோள மாதிரி ஒன்று கிடைத்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் இறங்கும். காரணம், சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில், நியூயார்க் இருப்பது மேற்கே 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது நியூயார்க் ஏறக்குறைய நமக்கு நேர் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது.

கணக்கையும் கையாலேயே போட்டுவிடலாம். பூமத்தியரேகையிலிருந்து துருவம் வரை 90 பாகை. நாம் அதில் ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். நியூயார்க் நாற்பதரைக்குச் சற்று மேலே. துருவம் வழியாக ஏறி இறங்கினால் 180-லிருந்து இந்த இரண்டையும் கழிக்க வேண்டும், ஏறக்குறைய 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் சொச்சம். பெருக்கிப் பாருங்கள், 15,300-க்கு மேல் வந்து நிற்கும். வீட்டில் உயர்நிலை ஒன்று படிக்கும் பிள்ளை இருந்தால் போட்டுக் காட்டுங்கள்.

நமக்கு நேர் எதிர்ப்புறம் சரியாக எந்த இடம் என்று கேட்டால், அது ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டுக்குள் இருக்கிறது. அதற்கு மேல் போனால் திரும்பி வருகிறோம் என்றுதான் அர்த்தம். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 20,000 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் தூரம் இருக்க முடியாது.

ஊர்ப் பக்கமும் ஒரு சின்ன விஷயம். சிங்கப்பூரிலிருந்து சென்னையைவிடத் திருச்சி பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சி தெற்கே இருக்கிறது, நாமும் தெற்கே இருக்கிறோம் என்ற எண்ணம். உண்மையில் சென்னை சுமார் 2,925 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,980, மதுரை சுமார் 3,015. தெற்கே போகப் போகத் தமிழ்நாட்டு ஊர்கள் மேற்கேயும் விலகுகின்றன. நமக்கு மேற்கே விலகுவதுதான் பெரிய விலகல்.

இனி மணி நேரம். தூரம் மாறாமல் இருந்தும் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பெரிய ஜெட் விமானங்கள் மேலே போன பிறகு மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. சென்னைத் தூரத்தை 900-ஆல் வகுத்தால் மூன்றே கால் மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டோ நாலு மணி நேரத்துக்கு மேல் சொல்கிறது. விமானத் துறையில் புளோக் டைம் என்பார்கள். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரை உள்ள நேரம் அது. சாங்கியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெல்ல மேலேறுவது எல்லாம் அதில் சேர்த்தி. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அது பேருந்துபோல நிதானமாகத்தான் போகும். போய்ச் சேரும் ஊரில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள். "அரை மணி முன்னாடியே இறங்கிட்டோம்" என்று நாம் சந்தோஷப்படுவது, ஒதுக்கி வைத்த அந்த நேரம் செலவாகாமல் மிச்சமான நாட்களில்.

இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு காற்று.

வடக்கே, தோராயமாக ஜப்பானும் அமெரிக்காவும் இருக்கும் அகலக்கோடுகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களை மேலே விட்டு, கண்ணால் தொடர்ந்து, அதை அளந்து எழுதினார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அவர் எஸ்பெராண்டோ என்ற பொது மொழியில் எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அதனால் அவருடைய கண்டுபிடிப்பு வெளியே அதிகம் தெரியாமலே இருந்தது. நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒன்றுக்கு இப்படி ஆனதே என்று இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்தக் காற்றைப் பின்காற்றாகப் பிடித்தால் 900-ல் போகும் விமானம் தரைக் கணக்கில் 1,050, 1,100 என்று போகும். எதிரே வாங்கினால் அதே அளவு இழப்பு. அதனால் நியூயார்க் விமானம் நூல் காட்டிய துருவ வழியில் போவதில்லை. பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கில் காற்றைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழைகிறது. அப்படிப் போனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்கூடச் சுற்று ஆகலாம், இருந்தும் அதுதான் சீக்கிரம். திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. அப்படி ஒரு தடவை போய்வந்தவர் உலகத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டார். அன்றைய காற்று எப்படி என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் வழியை முடிவு செய்கிறார்கள். விமானி ஏறியதும் அறிவிக்கும் அந்த மூன்றாவது எண் இதிலிருந்து வருவதுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வந்துவிடும் என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. பூமத்தியரேகையை ஒட்டியிருக்கும் நாம் இந்த நிமிடம் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பூமியோடு சுழன்றுகொண்டிருக்கிறோம். காற்றும் கூடவே சுழல்கிறது, சாங்கியில் நிற்கும் விமானமும் அதே வேகத்தோடுதான் மேலே ஏறுகிறது. எம்ஆர்டி ரயிலுக்குள் ஒரு குழந்தை துள்ளிக் குதித்தால் அதே இடத்தில்தானே இறங்குகிறது! நேரத்தை மாற்றுவது பூமிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

நம் பக்கத்து வானத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்று வீசுகிறது. தரையில் தென்மேற்கிலிருந்து வருகிறது, உச்சியில் கிழக்கிலிருந்து வருகிறது. வெப்ப மண்டலக் கிழக்கு ஜெட் எனப்படும் இதை விவரித்து 1958-ல் உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னை போகும் விமானத்துக்கு அது கைகொடுக்கும், திரும்பி வரும் விமானத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஜூன் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போய்வருகிறவர்கள் அடுத்த தடவை முன்னால் இருக்கும் திரையில் வேகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

எரிபொருள் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நீண்ட தூரம் போக நிறைய எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைச் சுமக்க இன்னும் எண்ணெய் வேண்டும். நியூயார்க் போகும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நெடுந்தூர விமானம் 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். எடையில் அது ஏறக்குறைய 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்டப் பாதி விமானம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மற்ற நெடுந்தூர ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள், இதில் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2004-ல் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏ340-500 விமானத்தை வைத்து நெவார்க்குக்குத் தொடங்கிய சேவை 2013-ல் நின்றதற்கும் எண்ணெய்ச் செலவுதான் முக்கியக் காரணம். இரண்டு எஞ்சின்களோடு குறைவாகக் குடிக்கும் விமானம் வந்த பிறகுதான் அது மறுபடி உயிர் பெற்றது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இயற்கை செய்வதல்ல. வானத்திலும் எல்லைகள் உண்டு. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது இங்கிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் வழியை மாற்ற வேண்டியதாயிற்று. 2022-ல் ரஷ்யாவின் வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, பின்லாந்திலிருந்து டோக்கியோ போகும் விமானம் ஒன்பது, பத்து மணி நேரப் பயணத்தைப் பதின்மூன்று மணி நேரமாக நீட்டிக்கொண்டது. ஊர்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

போர் வழியை நீட்டிய கதைகளில் சிங்கப்பூரோடு சேர்ந்த ஒன்று உண்டு. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான விமானத் தொடர்பு அறுந்தது. அடுத்த ஆண்டு குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற கடல் விமானங்களை வைத்துப் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. மூன்று பயணிகள், கொஞ்சம் தபால், மீதி எல்லாம் எண்ணெய். ரேடியோ பேசக் கூடாது, நட்சத்திரங்களைப் பார்த்து வழி தேட வேண்டும். 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். இன்றைய நியூயார்க் தூரத்தில் பாதிகூட இல்லை, நேரமோ ஒன்றரை மடங்குக்கும் மேல்.

தூரம் குறையாமலே நேரம் சுருங்கியதும் உண்டு. 1970-களின் கடைசியில் இங்கிருந்து பஹ்ரைன் வழியாக லண்டனுக்கு, ஒலியைவிட வேகமாகப் போகும் கான்கார்டு விமானம் பறந்தது, விமானத்தின் ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணத்தில். 1980-ல் அது நின்றுவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் அளந்த அளவு வேறு. சென்னையில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் என்று நின்று நின்று ராஜூலா கப்பலில் வந்தவர்களுக்கு அந்த 2,925 கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரு வாரம். ராஜூலா 1973 வரை ஓடியது.

அக்காவிடம் திரும்புகிறேன். அவருக்குக் கிலோமீட்டரும் ஜெட் காற்றும் பெரிதல்ல. வீட்டிலிருந்து வீடு வரை எவ்வளவு நேரம் என்பதுதான் அவர் கவலை. நடுராத்திரி விமானத்துக்கு இரவு எட்டரைக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். விமானத்தில் பதினெட்டரை. அங்கே குடிநுழைவு வரிசை, பெட்டி, கார் எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டரை மணி நேரம். மொத்தம் இருபத்துநாலரை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் சிங்கப்பூர்க் கடிகாரம், வலப்பக்கம் நியூயார்க் கடிகாரம், நடுவில் விமானம் என்று போட்டேன். சனிக்கிழமை எங்கும் தொலையவில்லை, வெள்ளி இரவு தொடங்கும் அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்குள்ளேதான் அது இருக்கிறது என்று காட்டினேன். சர்க்கரை மாத்திரையை எந்தக் கடிகாரத்தின்படி போடுவது என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை, கிளம்புவதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் இந்தத் தாளையே காட்டிக் கேளுங்கள் என்றேன்.

அக்கா தாளை ஒரு முறை முழுதாகப் படித்தார். அப்புறம் கைப்பேசியை எடுத்து மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "காலையில ஆறரைக்கு இறங்கிடுவேன்மா. மாப்பிள்ளையை எட்டு மணிக்கு வந்தா போதும்னு சொல்லு."